மேல் வயலை விற்றால்

அன்புள்ள ஐயா,

செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். 12 வருஷத்துக்கு முன்னால் இங்கே மனை வாங்கி வீடு கட்டினோம். எதிரே ஏரிப் பாசன வயல். இப்போது அதில் 14 ஏக்கரை மனைப்பிரிவு ஆக்கப் போகிறார்கள். கல் நட்டாகிவிட்டது. எங்கள் தெருவே சேர்ந்து எதிர்க்கிறோம். அமைதி போய்விடும், யார் யாரோ வருவார்கள், சாலை தாங்காது, எங்கள் மனை விலையும் இறங்கும். விற்றவர்களோ ‘எங்க நிலம், எங்க இஷ்டம்’ என்கிறார்கள். கிராம சபையில் பேச எங்களுக்கு உரிமை உண்டா? மனுவை யாருக்கு எழுதுவது?

(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள தம்பி,

உரிமை உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாருமே கிராம சபை உறுப்பினர்கள்தான். போய்ப் பேசு.

எனக்குக் கோபம் வந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘யார் யாரோ வருவார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். 12 வருஷத்துக்கு முன்னால் அந்த ஊருக்கு நீ யார்? உன் வீடு நிற்கிற இடத்திலும் ஒரு குடும்பம் ஏர் ஓட்டியிருக்கும். வாடகை கொடுத்து மாளாமல் நகைச் சீட்டு, வங்கிக் கடன் என்று புரட்டி இரண்டு சென்ட் வாங்க வருகிறவன் உன் எதிரி இல்லை. அவன் நீயேதான். மனை விலை இறங்கும் என்கிற வரியையும் எடுத்துவிடு. அதை எழுதினால் மற்ற எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். சாலை, அமைதி எல்லாம் ஊராட்சியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ‘ஏரிப் பாசன வயல்’ என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதினாய் பார், நான் அங்கேயே நின்றுவிட்டேன். உன் கடிதத்தில் அது ஒன்றுதான் விஷயம்.

ஏரி மதகிலிருந்து வருகிற வாய்க்காலுக்குத் தனிப் புல எண் உண்டு. வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கும், புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், கோடு இருக்கும். அதைத் தூர்த்தால் வழக்குப் போடலாம். ஆனால் அந்த வாய்க்கால் எல்லா வயலுக்கும் போவதில்லை. மேல் வயலில் தண்ணீர் கட்டி, வரப்பில் ஒரு கை அகலத்துக்கு வெட்டிய வாய்மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். அங்கே நிரம்பி அதற்கும் கீழே. ஐந்தாறு பட்டா தாண்டித்தான் கடைசி வயல் நனையும். அந்த மடைக்குப் புல எண் கிடையாது. பத்திரத்திலும் அது வராது. மேல் வயல்காரர் வரப்பில் விட்டுக்கொடுத்திருக்கிற ஒரு கை அகலம், அவ்வளவுதான்.

மதுராந்தகம் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் அறுபது சென்ட் இருந்தது. 2008இல் தங்கை கல்யாணத்துக்காக விற்றோம். அப்பா தயங்கினார். “நமக்குக் கீழ மூணு பேர் இருக்காங்கடா” என்றார். “பத்திரத்துல நம்ம பேர் மட்டும்தானேப்பா இருக்கு” என்றேன் நான். சொன்னது நான்தான்.

வாங்கியவர் கிராவல் கொட்டி இரண்டடி உயர்த்தினார். பத்திரப்படி அது அவர் நிலம். அந்த சம்பா பருவத்தில் ஏரி நிரம்பியிருந்தது. எங்களுக்குக் கீழே பயிர் வைத்திருந்த ஓர் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மண்வெட்டியோடு வரப்பில் நின்றார். மடை இருந்த இடத்தில் செம்மண் சரிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் அதை வெட்டிப் பார்த்தார். உள்ளே கருங்கல் தட்டியது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருஷத்தில் மூன்று பேரும் அதே ஆளிடம், அவர் சொன்ன விலைக்கு விற்றார்கள். எங்களுக்குக் கிடைத்த விலையில் பாதிகூட இல்லை. தண்ணீர் வராத நஞ்சைக்கு யார் கொடுப்பார்கள்?

2015 டிசம்பர் மழையில் தண்ணீர் அந்த வழியைத் தேடிக்கொண்டு வந்தது. மனை வாங்கிக் குடிவந்தவர்களின் வீட்டுக்குள் புகுந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அந்த வீடு நின்றது எங்கள் மடை இருந்த இடத்தில். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் சாகும்வரை அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் ஏரிக்குப் போனார்.

அதனால் மனுவில் 14 ஏக்கர் என்று எழுதி நிறுத்தாதே. அந்த 14 ஏக்கருக்குக் கீழே எத்தனை ஏக்கர், எத்தனை பட்டா, யார் யார் இன்னும் பயிர் வைக்கிறார்கள் என்று எழுது. மேல் வயலை விற்பது ஒருவர் எடுக்கிற முடிவாகத் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு அதன் பிறகு முடிவெடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாய்கிற மொத்த நிலம், இப்படித்தான் போகிறது. முழு ஆயக்கட்டையும் யாரும் வாங்க வேண்டியதில்லை, மேல் மடையை வாங்கினால் போதும்.

அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவுதானே என்பார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. சாலை அகலம் பார்க்கிறார்கள், பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீதம் பொது இடம் கேட்கிறார்கள், வெள்ளம் தேங்குமா என்று நீர்வளத் துறையிடமும் கேட்கிறார்கள். இவை பெரும்பாலும் அந்த நிலத்துக்குள் நிற்கிற கேள்விகள். கீழ் வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்று ஊரும் கேட்க வேண்டும். புல எல்லையை ஒட்டி ஒரு வாய்க்கால் விட்டு, அதைச் சாலை, பூங்காவோடு சேர்த்து ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வீடும் வரட்டும், தண்ணீரும் போகட்டும். அவர்கள் முடியாது என்றால் அப்புறம் எதிர்க்கலாம், நானும் வந்து நிற்கிறேன்.

விற்றவர்களைத் தெருவில் நின்று திட்டாதே. எங்கள் வீட்டில் நடந்தது உனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டில் என்ன நெருக்கடியோ.

மனு மாவட்ட ஆட்சியருக்கு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடு. நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் ஒவ்வொரு நகல். அதற்கு முன்னால் ஊரில் நீர்க்கட்டி, அதாவது வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிறவர், யாராவது மிச்சம் இருக்கிறாரா என்று விசாரி. வயதானவராகத்தான் இருப்பார். புலப்பட நகலை வாங்கிக்கொண்டு அவரோடு வரப்பில் நட. எந்த வயலிலிருந்து எந்த வயலுக்கு மடை என்று அவர் காட்டக் காட்டச் சிவப்பு மையில் குறித்துக்கொள். குறித்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு.