கடைமடைப் பெண்களின் படிப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காவிரி டெல்டாவில் பெண்கள் படிப்பை நிறுத்துவதற்கு உள்ளூர் அரசியலைக் காரணமாக எழுதியிருந்தீர்கள். மிதிவண்டி, கட்டணமில்லாப் பேருந்து, கல்லூரிக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் என அரசு எல்லாம் தருகிறது. உள்ளாட்சியில் பாதி இடங்களும் பெண்களுக்கே. நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம் எங்கள் ஊரில் பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்துவது பெற்றோரின் மனம்தானே?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பெற்றோரின் தயக்கம் உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் தூரத்தை நினைத்து வரும் தயக்கம்; அந்தத் தூரத்தை உண்டாக்கியது அரசியல். பள்ளியை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த ஊரார் இடமும் பங்குத்தொகையும் தரவேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலம் இருந்தது. நிலமும் ரொக்கமும் செல்வாக்கும் உள்ள, ஆற்றுநீர் முதலில் வந்து சேரும் தலைமடை ஊர்கள் அதை எளிதாக நிறைவேற்றின; குடியிருக்கும் மனைக்கே பட்டா இல்லாத கூலித் தொழிலாளர்கள் நிறைந்த, அந்த நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்களால் முடியவில்லை. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகும் வரை, வேதாரண்யத்துக்காரர் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கவே தஞ்சாவூர் செல்ல வேண்டியிருந்தது.

தரம் உயர்ந்த பள்ளிக்கும் ஆசிரியர் நிலைப்பதில்லை. இடமாறுதல் கலந்தாய்வில் வாய்ப்புக் கிடைத்ததும் பலர் கும்பகோணம், மன்னார்குடி என்று மேற்கே போய்விடுகிறார்கள். இயற்பியலுக்கு ஆள் இல்லை என்றால் பையனை மன்னார்குடிக்கு அனுப்புகிறார்கள். பெண்ணிடம் "இங்கே இருக்கிற குரூப்பை எடுத்துக்கொள்" என்கிறார்கள். வட்டாரத்தின் குறை பெண்ணின் குறையாக மாறுவது இந்த இடத்தில்தான். சிறப்பு வகுப்பு முடியும் நேரத்துக்குப் பேருந்து இல்லாத வழித்தடத்தில் கட்டணமில்லாப் பயணத்தால் என்ன பயன்?

உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்கள் ஒதுக்கீடு 2016இல் பாதியானது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் அரசு அமர்த்தும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அடுத்த தேர்தலை நினைத்து அஞ்சவேண்டிய அவசியம் தனி அலுவலருக்கு இல்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்கு உள்ளாட்சி வழியாக வரும் கூலி தாமதமானால் கழிப்பறைக்குப் பூட்டு விழுகிறது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், மாதவிலக்கு நாட்களில் விடுப்பு எடுக்கிறார்கள். இதைத் தட்டிக் கேட்க வேண்டிய பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவரே கிராம சபையில் பேசிய ஊர்களும் உண்டு என்பது எனக்குப் பெரும் வேதனை.

நான் நம்புவது, பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவை. 2022இல் மாற்றியமைத்தபோது அதன் தலைமை ஒரு தாய்க்கு என்றானது. நடவு நாளில் பகல் மூன்று மணிக்குக் கூட்டினால் எந்தத் தாய் வருவார்? உங்கள் ஊரில் மாலையில் கூட்டச் சொல்லுங்கள். இயற்பியல் ஆசிரியரையும் பேருந்து நேரத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, அதன் நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.