எட்டு நாளில் டாஸ்மேனியாவைச் சுற்றிவிடலாமா?

கேள்வி: ஜனவரியில் மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் போகிறோம். அங்கிருந்து நால்வருமாகக் கப்பலில் டாஸ்மேனியா போய், கேம்பர்வேனில் எட்டு நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. தினம் 200 கிலோமீட்டர்தானாம், ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி போய் வருகிற மாதிரிதானாம். நாங்கள் சைவம். எனக்கு முழங்கால் வலி வேறு. வண்டிக்குள்ளேயே சமையல், தூக்கம், கழிப்பறை எல்லாம் சரிப்படுமா?
- ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: சமையலும் தூக்கமும் சரிப்படும். மாப்பிள்ளையின் கணக்குதான் சரிப்படாது. நானும் என் கணவரும் அக்காவும் இதே கணக்கோடுதான் கிளம்பினோம். மூன்றாம் நாளே தாளைக் கிழித்துப் போட்டோம்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவு ஏறக்குறைய இலங்கை அளவு. ஜனத்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு. அதனால் சாலை காலியாகத்தான் இருக்கும், ஆனால் நேராக இருக்காது. தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து மேற்கே இருக்கும் குவீன்ஸ்டவுன் 260 கிலோமீட்டர். காரிலேயே நான்கு மணி நேரம், வேனில் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். குவீன்ஸ்டவுனுக்கு இறங்கும் பாதையில் 99 வளைவு என்பார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு இதென்ன பெரிதா என்று நினைத்தேன். கொல்லிமலை ஏறும்போது பின்னால் பாத்திரங்கள் உருண்டதில்லையே! கிளம்புமுன் எல்லா இழுப்பறையும் பூட்டியிருக்கிறதா என்று ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். எங்கள் வண்டியில் அது அக்கா வேலை.

இன்னொரு விஷயம், இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது. வாலபி (சின்னக் கங்காரு), வாம்பாட், போஸம் போன்ற காட்டு விலங்குகள் எல்லாம் அந்தி சாய்ந்த பிறகுதான் சாலைக்கு வரும். அடிபட்டுக் கிடப்பதைத் தின்ன டாஸ்மேனியன் டெவில் வரும், அதுவும் அடிபடும். காலையில் சாலையோரம் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். இரவில் விலங்கு மோதினால் இன்ஷூரன்ஸ் கிடையாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஜனவரியில் அங்கே சூரியன் மறைய ஏறக்குறைய ஒன்பது மணி ஆகிவிடும். இருந்தாலும் ஆறு மணிக்கெல்லாம் வண்டியை நிறுத்திவிடுவது நல்லது.

எட்டு நாளில் தீவு முழுவதையும் பார்க்க முடியாது. அப்படியானால் எதை விடுவது? எல்லோரும் மழைக்குப் பயந்து மேற்கை விட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைக்குப் போவார்கள். நான் கிழக்கை விடச் சொல்வேன். கிழக்கு அழகுதான், ஒயின்கிளாஸ் வளைகுடாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எலியட்ஸ் பீச்சில் நடக்கிற நமக்குக் கடல் புதுசா? மேற்கில் இருக்கும் மழைக்காடும் ஆளில்லாத மலையும்தான் புதுசு. டெவன்போர்ட்டில் இறங்கியதும் நேராகக் கிரேடில் மவுண்டன், அங்கே இரண்டு இரவு. மேற்குக் கரை ஊரான ஸ்ட்ராஹனில் இரண்டு, லேக் செயின்ட் கிளேர் பக்கம் ஒன்று, ஹோபார்ட்டில் இரண்டு. கடைசி நாள் ஹோபார்ட்டிலிருந்து டெவன்போர்ட் 280 கிலோமீட்டர், நல்ல நெடுஞ்சாலை, மூன்றரை மணி நேரத்தில் கப்பலுக்கு வந்துவிடலாம்.

கிரேடிலில் உங்கள் முழங்காலுக்குப் பயம் வேண்டாம். பார்வையாளர் மையத்திலிருந்து டவ் ஏரி வரை ஷட்டில் பஸ் உண்டு. ஏரியைச் சுற்றி வர ஆறு கிலோமீட்டர். இளசுகள் சுற்றட்டும், நீங்கள் கரையில் உட்காருங்கள். சாயங்காலம் ரானி க்ரீக் பக்கம் வாம்பாட்கள் புல் மேய வரும். அவற்றின் புழுக்கை கனசதுரமாக இருக்கும்! என் கணவர் மலையைவிட அதைத்தான் அதிகம் படம் எடுத்தார். கோடைதானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அங்கே கோடையிலும் பனி விழுவதுண்டு.

குவீன்ஸ்டவுனில் மலைகள் மொட்டையாக இருக்கும். செம்பு உருக்கும் உலைக்காக மரங்களை வெட்டினார்கள், உலையின் கந்தகப் புகை மிச்சத்தைக் கருக்கியது, மழை மண்ணை அடித்துக்கொண்டு போனது. அரை மணி நேரம் முன்புவரை அடர்ந்த காட்டுக்குள் வந்தவர்களுக்கு அதைப் பார்த்தால் பேச்சே வராது.

இனி சமையல். ஸ்ட்ராஹனில் நல்ல மழை, ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். ரசத்துக்குக் கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்தேன். புகை அலாரம் வீறிட்டது, மூவரும் இருமிக்கொண்டே மழையில் இறங்கி நின்றோம். ஹோபார்ட் போகும்வரை போர்வையில் பெருங்காய வாசனை. ஆகவே வேனுக்குள் சாதமும் கொதிக்கவைப்பதும் மட்டும்தான். தாளிப்பை, இரவில் வேன்களை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் இருக்கும் பொதுச் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் தகட்டு அடுப்பில் இறைச்சி சுடுவார்கள், உங்கள் தோசைக்கல்லைக் கொண்டுபோங்கள். ரைஸ் குக்கர் வேண்டுமென்றால் மின் இணைப்புள்ள இடமாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், வண்டி பேட்டரி அதற்குத் தாங்காது. காய்கறி, பழம் எதையும் தீவுக்குள் விடமாட்டார்கள். மெல்போர்னில் ஆசை ஆசையாக வாங்கிய என் கறிவேப்பிலை டெவன்போர்ட்டில் குப்பைத் தொட்டிக்குப் போனது. சென்னையிலிருந்து பாக்கெட் மசாலாப் பொடி கொண்டுபோனால் விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். ஹோபார்ட்டிலும் லான்செஸ்டனிலும் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன.

கழிப்பறை என்பது பெட்டிபோல வெளியே இழுக்கும் தொட்டி. அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். யார் செய்வது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். மாமனார், மாப்பிள்ளை மரியாதையெல்லாம் அங்கே குறுக்கே வரக்கூடாது. படுக்கையில் ஒன்று டிரைவர் தலைக்கு மேலே, ஏணி வைத்து ஏற வேண்டும். நீங்கள் கீழே படுத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் போலவே இடதுபக்க ஓட்டம், ஆங்கிலத்தில் இருக்கும் நம் லைசென்ஸ் போதும். என் கணவர் வேனின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். கப்பல் பதிவிலும் உயரம், நீளம் கேட்பார்கள். கப்பல் 2022 முதல் மெல்போர்னிலிருந்து அல்ல, ஜீலாங் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது. ஜனவரிக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாப்பிள்ளையை இன்றைக்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: அவ்வளவு செலவு எதற்கு? நம் அந்தமானிலேயே வேனில் தூங்கிக்கொண்டு சுற்ற முடியாதா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: முடியாது சார். போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு வழியாகப் போகிறது. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து குறித்த நேரத்தில் வண்டிகளை வரிசையாகத்தான் அனுப்புவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்தமானுக்குப் போங்கள், அறை எடுத்துத் தங்குங்கள், தீவுக்குத் தீவு படகில் போங்கள். வேன் ஆசையை வேறு தீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.