கிளையை மூடுவதா, தொடர்வதா?

கேள்வி: ஈரோட்டில் பத்து ஆண்டுகளாக பேக்கரி நடத்துகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் 12 லட்சம் ரூபாய் செலவிட்டு பவானியில் ஒரு கிளை திறந்தோம். ஈரோட்டு மாஸ்டரின் சம்பளத்தில் பாதியான 12,000 ரூபாயையும் சேர்த்து, கிளையில் மாதம் 30,000 ரூபாய் நஷ்டம் என்கிறார் கணக்காளர். சம்பளம் வாங்காமல் அங்கே கல்லாவில் இருப்பவன் என் தம்பி. மூடினால் போட்ட பணம் வீணாகிவிடுமே என்று தயங்குகிறோம்.
— வாசகர், ஈரோடு

பதில்: அந்த 12 லட்சத்தில் சுவருக்கும் தரைக்கும் விளக்குக்கும் செலவான பகுதி, நீங்கள் கடையை மூடினாலும் நடத்தினாலும் திரும்பி வரப்போவதில்லை என்பதால், அதை இந்த முடிவிலிருந்து விலக்கிவிடுங்கள். கட்டட உரிமையாளரிடம் கொடுத்த அட்வான்ஸும், விற்கவோ ஈரோட்டுக்குக் கொண்டுவரவோ கூடிய கண்ணாடி ஷோகேஸும் ஃபிரீசரும் அப்படியல்ல. மூடினால்தான் அவை கைக்கு வரும்.

நஷ்டக் கணக்கையும் திருத்த வேண்டும். கிளையை மூடினாலும் மாஸ்டருக்கு முழுச் சம்பளம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்த 12,000 மிச்சமாகாது. உண்மையான நஷ்டம் 18,000 ரூபாய்தான். ஆனால் தம்பியின் உழைப்புக்கு நீங்கள் விலையே போடவில்லை. அதே வேலைக்கு வெளியாள் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைச் சேர்த்தால், நஷ்டம் கணக்காளர் சொன்ன தொகையையும் தாண்டக்கூடும்.

பாசத்தால் மூடத் தயங்கியது நீங்கள் மட்டுமல்ல. கணினிகளுக்கான நினைவகச் சில்லுகள் (தகவலைச் சேமித்து வைப்பவை) செய்வதற்காக 1968இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நிறுவனமான இன்டெல், 1980களில் ஜப்பானிய நிறுவனங்களின் தரத்துக்கும் விலைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. இயக்குநர்கள் நம்மை அனுப்பிவிட்டுப் புதியவர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று 1985இல் நிறுவனத்தின் தலைவர் (பிரசிடென்ட்) ஆண்டி குரோவ் கேட்டபோது, நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்று நிறுவனர்களில் ஒருவரும் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரியுமான கோர்டன் மூர் தயங்காமல் சொன்னார். அப்படியானால் நாமே வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். பதில் இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது. தாங்கள் வளர்த்த தொழில் என்ற பாசம்தான் அதைச் சொல்ல விடவில்லை. அந்தத் தொழிலிலிருந்து விலகினால் வாடிக்கையாளர்கள் கோபிப்பார்கள் என்று இன்டெல்லின் விற்பனையாளர்கள் அஞ்சினார்கள், ஆனால் வாடிக்கையாளர்களோ இதை எதிர்பார்த்தே இருந்தார்கள். ஊரார் பேச்சுக்கு நீங்கள் அஞ்சுவதாக இருந்தால், இதை எண்ணிப் பாருங்கள். இன்டெல்லுக்கு நுண்செயலி (கணினியின் மூளைபோல இயங்கும் சில்லு) தொழில் கைவசம் இருந்ததைப் போல உங்களுக்கு ஈரோட்டுக் கடை இருக்கிறது. அதன் லாபம்தான் இப்போது பவானிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்று ஆண்டுகள் போதிய அவகாசம் என்பதால், மூடலாம் என்பதே என் கருத்து. வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்து, அதில் சொல்லியுள்ள கால அவகாசத்துடன் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஊழியர்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அதற்கு முன், குரோவ் கேட்ட கேள்வியைத் தம்பியிடம் கேளுங்கள். மூன்று ஆண்டுகளாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.