பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் உடம்பு

கேள்வி: பனியன் கம்பெனியில் தைக்கும் பெண்களை அரூப பாணியில் வரைகிறேன். உடம்பும் மிஷினும் ஒன்றாகிப்போவதைக் காட்ட ஆசை. ஆனால் முழங்கைக்குப் பதில் கீல், கண்ணுக்குப் பதில் நட்டு என்று வைத்தால் சினிமா ரோபோ மாதிரி ஆகிவிடுகிறது. சில்வர் பெயின்ட் அடித்தால் இரும்பாகத் தெரியாமல் அழுக்குச் சாம்பலாக நிற்கிறது. போதாததற்கு, ஆயில் மேல் அக்ரிலிக் அடித்த ஒரு கேன்வாஸ் உரிய ஆரம்பித்துவிட்டது. என்ன செய்யலாம்?
— வாசகி, திருப்பூர்

பதில்: உறுப்புக்கு உறுப்பு மாற்றிப் போடுவதுதான் சிக்கல். பிரெஞ்சு ஓவியர் ஃபிரான்சிஸ் பிக்காபியா 1915-ல் ஓர் அமெரிக்க இளம்பெண்ணை ஸ்பார்க் பிளக்காகவும், புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸைக் கேமராவாகவும் வரைந்தார். அவர்கூடப் பாதி மனிதர், பாதி இயந்திரம் என்று ஒட்டுப்போடவில்லை, முழுசாக மாற்றிவிட்டார். கேலிக்கு அது கச்சிதம். உங்கள் படமோ உழைப்பைப் பற்றியது. உடம்பு மிஷினை எங்கெங்கே தொடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

மோட்டாரில் ஓடும் தையல் மிஷின் மேசையான பவர் டேபிளில் அது தெளிவாகவே இருக்கிறது. பாதம் பெடலில், வேகம் அங்கிருந்து வருகிறது. வலது முழங்கால் மேசைக்கு அடியிலுள்ள லிஃப்டரைப் பக்கவாட்டில் தள்ளினால், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் மேலே எழும். இரண்டு கைகளும் துணிக்கு வழிகாட்டத்தான். துணியை நகர்த்துவது தட்டுக்கு அடியில் இருக்கும் பல். கண் ஊசிமுனையை விட்டு நகராது. இந்த 5 இடங்களையும் முதலில் காகிதத்தில் புள்ளிகளாக வையுங்கள். பிறகு கண்ணிலிருந்து ஊசிக்கு ஒரு கோடு, தோள்களிலிருந்து விரல்களுக்கு இரண்டு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கும் பாதத்துக்கும் ஒவ்வொன்று. கழுத்தின் வளைவு இந்தக் கோடுகளிலேயே வந்துவிடும். முகம் வரையாவிட்டாலும் தைப்பவர் என்று தெரியும்.

அசைவுக்கு, கம்பெனியில் அனுமதி வாங்கி, மொபைலைப் பக்கவாட்டில் அசையாமல் நிறுத்தி, ஒரு பீஸ் முடியும்வரை வீடியோ எடுங்கள். அதில் ஆறேழு நிலைகளை நிறுத்தி, டிரேசிங் பேப்பரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு எடுங்கள். மிஷின் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் விசிறியாக விரியும். பிரெஞ்சு ஓவியர் மார்செல் டுஷாம்ப் 1912-ல் வரைந்த, படியிறங்கும் நிர்வாண உருவம் இந்த அடுக்கு முறைதான். அசைவை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியென் ஜூல் மரேயின் தொடர் புகைப்படங்கள் அதற்குத் தூண்டுதல். கேன்வாஸுக்கு 3 நிலைகள் போதும், அதற்குமேல் போனால் சேறாகிவிடும். ஊசிக்கு மட்டும் இந்த அடுக்கு வேண்டாம். நிமிடத்துக்கு 4,000 தையல் போடும் ஊசியைக் கண் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மங்கலான ஒற்றைப் பட்டையாக விட்டுவிடுங்கள்.

சில்வர் டியூபை மூடி வையுங்கள். அதிலுள்ள மினுக்குப் பொடி, பார்க்கும் கோணத்துக்கேற்ப வெளுக்கும், கறுக்கும்; நீங்கள் பாடுபட்டுப் போட்ட நிழல், ஆள் இரண்டடி நகர்ந்தால் காணாமல் போகும். இரும்பை இரும்பாகக் காட்டுவது நிறம் இல்லை. வெளிச்சமும் இருட்டும் சட்டென்று அடுத்தடுத்து வருவதுதான். தோலில் அது மெல்ல மெல்ல மாறும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பையும் சம அளவில் எடுத்து, கறுப்பை ஒட்டிய இருட்டு வரும்வரை ஒன்றைக் கூட்டிக் குறையுங்கள். அதில் டைட்டானியம் வெள்ளை சேர்த்து 5 படிகளாக முன்கூட்டியே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நீலம் தூக்கலாக இருந்தால் எஃகு, அம்பர் தூக்கலாக இருந்தால் எண்ணெய் படிந்த வார்ப்பிரும்பு. ஓர் உருளைக்கு: ஓரத்தில் நடுத்தரச் சாம்பல், மூன்றில் ஒரு பங்கு தள்ளி மெல்லிய வெள்ளை, அதை ஒட்டியே கடும் இருட்டு, மறு ஓரத்தில் பக்கத்திலுள்ள துணியின் நிறம் லேசாக. இந்தக் கடைசிப் பட்டையை விட்டால் குழாய் தட்டையாகிவிடும்.

பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜே இதே உத்தியைத் தோலுக்குப் போட்டார். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். வெயிலில் மின்னிய 75 மில்லிமீட்டர் பீரங்கியின் பின்பாகம் தன்னைக் கிறங்கடித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1917-ல் அவர் வரைந்த சீட்டாடும் சிப்பாய்களின் கைகளெல்லாம் குழாயும் கூம்பும்தான். ஒட்டாவாவில் கனடா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் மெக்கானிக் ஓவியத்திலும் (1920) தசை உலோகமாக உருண்டிருக்கிறது. ஆனால் மீசை, மோதிரம், சிகரெட், கையில் பச்சை குத்திய நங்கூரம் எல்லாம் இருக்கின்றன. அந்த ஆள் ரோபோ ஆகாததற்கு இவைதான் காரணம். உங்கள் படத்தில் வளையலில் கோத்த சேஃப்டி பின் இருக்கலாம், தலைமுடியில் ஒட்டிய பஞ்சு இருக்கலாம். ஒன்றோ இரண்டோ, அதற்குமேல் வேண்டாம்.

இனி உரிந்த கேன்வாஸ். ஆயில் பரப்பில் அக்ரிலிக்குக்குப் பிடிமானம் கிடையாது. அடியில் ஆயில் மாதக்கணக்கில் காய்ந்துகொண்டே அசையும். வரிசையைத் திருப்புங்கள், உங்கள் விஷயத்துக்கும் அதுதான் வாகு. மிஷினை முதலில் அக்ரிலிக்கில் முடியுங்கள். கூர்மையான விளிம்புக்கு, நன்றாகக் காய்ந்த பரப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தில் அடியிலுள்ள அதே நிறத்தை ஒரு கை பூசுங்கள். கசிந்தாலும் அந்த நிறம்தான் கசியும். அது காய்ந்ததும் புது நிறத்தை அடித்து, ஈரம் காயுமுன் டேப்பை உரித்துவிடுங்கள். அக்ரிலிக் மெல்லியதாக, பளபளப்பில்லாமல் இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் விட்டு, உடம்பை ஆயிலில் செய்யுங்கள். தோலின் மெதுவான மாற்றத்துக்கு அதுதான் நேரம் கொடுக்கும். முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து மெல்லியதாக, அடுத்தடுத்தவற்றில் லின்சீட் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக. தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடிக்கும்.

நிஜ நட்டு, பாபின் எல்லாம் ஒட்டும் யோசனை வந்தால் கேன்வாஸ் தொங்கிவிடும், பிளைவுட் எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கு மெட்டல் பிரைமர் அடிக்காவிட்டால் அக்ரிலிக்கின் ஈரத்தில் துரு மேலே ஊறி வரும்.

பழைய கேன்வாஸைத் தூக்கிப் போட வேண்டாம். அதன்மேல் இன்னொரு பூச்சும் வேண்டாம். பெயின்டிங் நைஃபால் அக்ரிலிக்கை முழுக்கச் சுரண்டி எடுங்கள். அடியிலுள்ள ஆயில் உறுதியாக இருந்தால், முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, நைஸ் உப்புத்தாளை ஈரமாக்கி லேசாகத் தேய்த்து, காய்ந்தபின் ஆயிலிலேயே தொடருங்கள்.