பொலேரோவா, தோஸ்த்தா, இன்ட்ராவா? மூட்டைக் கணக்கைச் சொல்லுங்கள்

லோடு வண்டி வாங்குவது, ஓட்டுவது, பழுது பார்ப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

அண்ணே, பழைய குட்டி யானையைக் கொடுத்துவிட்டுப் பெரிய பிக்கப் எடுக்கலாம் என்று இருக்கிறேன். மார்க்கெட்டில் வண்டிக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருத்தர் மஹிந்திரா பொலேரோவைத் தவிர எதையும் தொடாதே என்கிறார். இன்னொருத்தர் அசோக் லேலண்ட் தோஸ்த் எடுத்ததிலிருந்து பெரிய செலவே வரவில்லை என்கிறார். மூன்றாவது ஆள் டாடா இன்ட்ராவில் டீசல் மிச்சமாகிறது என்கிறார். யாரை நம்புவது?

மூன்று பேரையும் நம்பலாம், தம்பி. யாரும் பொய் சொல்லவில்லை. என்ன ஏற்றினோம், எவ்வளவு ஏற்றினோம், எந்த ரோட்டில் ஓட்டினோம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அடுத்த முறை அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். பொலேரோ பிக்கப்பில் இருப்பது 2,523 சிசி, நாலு சிலிண்டர் டீசல். தோஸ்த்தில் 1,478 சிசி, மூன்று சிலிண்டர். இன்ட்ரா வி30-இல் 1,496 சிசி, நாலு சிலிண்டர். பெரிய எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நிதானமாக இழுக்கும். முழு லோடோடு ஏற்றம் ஏறும்போது திணறாது. ஆனால் காலி வண்டியாகத் திரும்பி வரும்போதும் அந்தப் பெரிய எஞ்சினுக்கு டீசல் ஊற்றித்தான் ஆக வேண்டும். சின்ன எஞ்சினில் டீசல் மிச்சம். ஆனால் சொன்ன எடைக்கு மேல் ஏற்றி ஓட்டினால் கிளட்ச் பிளேட்டிலும் டர்போவிலும் அதற்கான கணக்கு வரும்.

இப்போது மூட்டைக் கணக்கு. உங்கள் ஊரில் சின்ன வெங்காயம் 50 கிலோ மூட்டையாகப் போகிறது என்று வையுங்கள். இன்ட்ரா வி30 தாங்குவது 1,300 கிலோ, அதாவது 26 மூட்டை. தோஸ்த் பிளஸ் 1,500 கிலோ, 30 மூட்டை. பொலேரோவில் 1.7 டன் மாடல் என்றால் 34 மூட்டை. நம் லோடுமேன்கள் இங்கேதான் நிறுத்துகிறார்களா? தொட்டியில் இடம் இருக்கிறதே என்று 40 மூட்டை போட்டுக் கயிறு கட்டுவார்கள். 40 மூட்டை என்றால் 2 டன். அப்படிப் போட்டால் பொலேரோக்காரர் 300 கிலோ அதிகமாக ஏற்றியிருக்கிறார், இன்ட்ராக்காரர் 700 கிலோ அதிகமாக ஏற்றியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து 'அந்த கம்பெனி வண்டி நிற்காமல் ஓடுகிறது, இந்த கம்பெனி வண்டி படுத்துவிட்டது' என்று மார்க்கெட்டில் பேச்சு கிளம்பும். இரண்டு வண்டிக்கும் ஒரே பரீட்சை வைக்கவில்லையே.

என் பட்டறைக்கு ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் வருகின்றன. ஒன்று நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றி வருவது. இன்னொன்று ஹாலோ பிளாக் கல் லோடு அடிப்பது. முட்டை வண்டி ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் மட்டும் வந்து போகிறது. கல் வண்டிக்குக் கிளட்ச் பலமுறை மாற்றியாகிவிட்டது. பின் சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் பினியன் பல்சக்கரமும் பல் உடைந்து, அதன் கூட்டை (ஹவுசிங்கை) பிரித்தோம். வடித்த ஆயிலில் இரும்புத் தூள் மினுமினுவென்று வந்தது. கல் வண்டி ஓனர் அந்த கம்பெனியைத் திட்டுகிறார், முட்டை வண்டி ஓனர் அதே கம்பெனி வண்டியை இன்னொன்று எடுக்கப் போகிறார்.

ஆகவே உங்களுக்கு என் பதில் இது: வெங்காயம், உருளை, தேங்காய் மாதிரி கனச் சரக்கைப் பாலக்காடு வரைக்கும் தினம் கொண்டுபோகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பொலேரோ 1.7 டன் எடுங்கள். டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தாலும் பரவாயில்லை. முருங்கை, கத்தரி, கீரை மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக வரும் சரக்கு என்றால் தோஸ்த் போதும், அதுதான் லாபம். ஓசூரில் தயாராகும் வண்டி, 2011-லிருந்து நம் ரோட்டில் ஓடுகிறது. வெளியில் இருக்கிற மெக்கானிக்குகளுக்கும் கை பழகிவிட்டது. இன்ட்ரா 2019-இல் வந்த வண்டி. உள்ளூருக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கு நல்லது, சின்னச் சந்திலும் திருப்பலாம்.

எதை எடுத்தாலும் ஓவர்லோடு வேண்டாம். 2019-இல் சட்டம் திருத்திய பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. ஒரு தடவை மாட்டினாலே அந்த மாதத் தவணை போய்விடும்.

மிளகு விவசாயி, கொல்லிமலை

ஐயா, மிளகும் பலாப்பழமும் கீழே இறக்க ஒரு பழைய பிக்கப் பார்த்திருக்கிறேன். 2018 மாடல். நல்ல பேர் உள்ள கம்பெனி என்பதால் தைரியமாக வாங்கலாமா?

கம்பெனி பேரை விடுங்கள். முன்னால் வைத்திருந்தவர் அதை எப்படி ஓட்டினார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கப் போகிற வண்டி. அதில் சமரசம் கூடாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்த்து மயங்காமல், பின்பக்கம் குனிந்து லீஃப் ஸ்பிரிங்கை, அதாவது எடை தாங்கும் வில்பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்த பட்டைகளுக்கு மேல் ஒன்றோ இரண்டோ வேறு நிறத்தில், வேறு தடிமனில் சொருகியிருந்தால் அந்த வண்டி ஓவர்லோடிலேயே வளர்ந்தது என்று அர்த்தம். அடுத்து கேபினுக்குப் பின்னால் சேசிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) கையால் தடவிப் பாருங்கள். வெல்டிங் வைத்து மேலே புதுக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் விரலுக்கே மேடு பள்ளம் தெரியும். அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

அப்புறம் காலையில் எஞ்சின் சூடாகாத நேரத்தில் போங்கள். 'நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க' என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். நிறைய இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தகட்டை ஒரு மெக்கானிக் சோதிக்கட்டும். ரேடியேட்டர் மூடியைத் திறங்கள் (எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும்!). கூலன்ட் பச்சையோ சிவப்போ, நிறத்தோடு இருக்க வேண்டும். துருத் தண்ணீராக இருந்தால் போர் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். மலையேறும்போது முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மெதுவாகத்தான் போவீர்கள். எதிர்காற்று இருக்காது, குளிர வைக்க வேண்டிய வேலை முழுக்க ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும்தான். உப்புப் படிந்த ரேடியேட்டர் தரையில் தாக்குப்பிடிக்கும், கொல்லிமலையில் தாக்குப்பிடிக்காது.

கடைசியாக, பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைப் பார்க்க வேண்டும். ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் வந்துவிடுங்கள். சக்கர அச்சில் ஆயிலை அடைத்து வைக்கும் ஆக்ஸில் சீல் போய் பிரேக் ஷூவில் ஆயில் கசிந்திருந்தால் மேட்டு ரோட்டில் ஓட்டும்போது தெரியாது. லோடோடு இறங்கும்போதுதான் தெரியும். நீங்கள் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்; நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் உங்கள் டிரைவருக்கு இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

2018 வண்டி என்பதால் எஃப்.சி. (தகுதிச் சான்று) கணக்கும் பாருங்கள். 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பூ வியாபாரி, நிலக்கோட்டை

பிஎஸ்6 டீசல் வண்டி எடுத்தேன் அண்ணா. தோட்டத்திலிருந்து பூ மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட், அவ்வளவுதான் ஓட்டம். அடிக்கடி டேஷ்போர்டில் லைட் எரிகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. கம்பெனியே சரியில்லையா?

கம்பெனி மாறினாலும் இந்த லைட் உங்களை விடாது. பிஎஸ்6 என்பது புகைக் கட்டுப்பாட்டு விதி. அதன்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் சைலன்ஸர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு எஞ்சினும் சைலன்ஸரும் நன்றாகச் சூடேறி, கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் போய் ஆஃப் செய்கிற வண்டியில் அந்தச் சூடு ஏறுவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். கரி சேர்ந்துகொண்டே போகிறது, வடிகட்டி அடைக்கிறது, வண்டி இழுக்கவில்லை.

இப்போதைக்கு ஒரு வழி: லைட் எரிய ஆரம்பித்த உடனே, தள்ளிப் போடாமல், பைபாஸில் ஏறி அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அணையவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் மெஷின் வைத்து எரித்துத் தருவார்கள். வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சட்டப்படி தப்பு, வாரண்டியும் போய்விடும். அந்தப் புகையை மார்க்கெட்டில் பூக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள்தான் மூச்சில் இழுக்க வேண்டும்.

அடுத்த வண்டி எடுக்கும்போது டீசலே வேண்டாம். பூவுக்கு என்ன எடை? மல்லிகைக் கூடை இடத்தைத்தான் அடைக்கும். மாருதி சூப்பர் கேரி மாதிரி பெட்ரோல் வண்டி உங்கள் ஓட்டத்துக்குப் பொருத்தம். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் எஞ்சின், சுமக்கும் எடை முக்கால் டன்னுக்குப் பக்கம். விடியற்காலை மூன்று மணிக்கு சாவி போட்டதும் சத்தமில்லாமல் கிளம்பும். டாடா ஏஸ் கோல்டு பெட்ரோலும் பார்க்கலாம். அது இரண்டு சிலிண்டர் என்பதால் கொஞ்சம் அதிரும், ஆனால் வாங்கும் விலை குறைவு.

மீன் வியாபாரி, ராமேஸ்வரம்

துருப்பிடிக்காத வண்டி எந்த கம்பெனியில் கிடைக்கும்?

எந்த கம்பெனியிலும் கிடைக்காது. ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு சேர்ந்து சொட்டுகிற இடத்தில் இரும்பு எதுவும் நிற்காது. தொட்டிக்குள் ஃபைபர் ஷீட் போட்டு, தண்ணீர் ஒரே ஓட்டை வழியாக ஒரு குழாயில் இறங்கி, சேசிஸ் மேல் படாமல் தரையில் விழுகிற மாதிரி செய்யுங்கள். தினமும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும். மேல்பக்கம் மட்டும் கழுவிப் பிரயோஜனமில்லை. பிரேக் பைப்பை மட்டும் மாதம் ஒரு தடவை விரலால் துடைத்துப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

டிரைவர், பழனி

என்னிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. பிக்கப் ஓட்டலாமா?

ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ், அதாவது உங்கள் கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. மேலே சொன்ன வண்டிகள் எல்லாம் அந்த எடைக்கு வெகு கீழே.

குடும்பத் தலைவி, வேடசந்தூர்

அண்ணா, என் வீட்டுக்காரர் மில் வேலையை விட்டுவிட்டு, லோடு வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறேன் என்கிறார். என் நகையை வைத்துத்தான் முன்பணம். எந்த வண்டி வாங்கினால் பயமில்லாமல் இருக்கலாம்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். வாடகை வண்டிக்கு நல்ல வண்டி என்பது, கெட்டுப்போனால் மறுநாளே ரோட்டுக்கு வந்துவிடுகிற வண்டி. வண்டி நின்றாலும் தவணை நிற்காது. அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், பார்த்து வைத்திருக்கிற மாடலுக்குக் கிளட்ச் செட், டீசல் ஃபில்டர், பிரேக் ஷூ, முன் கண்ணாடி நான்கும் இன்றைக்கே கிடைக்குமா என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். 'கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கணும், நாலு நாள் ஆகும்' என்று பதில் வந்தால் அந்த மாடல் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் ஊர் வண்டி ஸ்டாண்டில் எந்த வண்டி அதிகம் நிற்கிறது என்று பாருங்கள். மெக்கானிக்குக் கை பழகியிருப்பதும் பழைய வண்டியாக விற்கும்போது ஆள் கிடைப்பதும் அந்த வண்டிக்குத்தான். அவர் இதுவரை சொந்தமாக லோடு ஓட்டியதில்லை என்றால், முதலில் இரண்டு மூன்று மாதம் வேறு ஒருவர் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டட்டும். வாடகை எந்த மாதத்தில் கிடைக்கும், எந்த மாதத்தில் வண்டி சும்மா நிற்கும், டீசல் போக கையில் என்ன நிற்கும் என்று அவருக்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நகையை எடுத்துக் கொடுங்கள். மாடலை முடிவு செய்யும் நாளில் அவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள், என்ன லோடு, எந்த ரோடு என்று பார்த்துச் சொல்கிறேன்.