சாரலில் வரும் நிமோனியா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை நோய் உண்டு, பீடியும் பிடிப்பார். வெளியூர் லாட்ஜில் தங்கிவிட்டு வந்த ஒரு வாரத்தில் காய்ச்சல், மூச்சுத் திணறல். லெஜியோனெல்லா நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே, தொற்றிக்கொள்ளுமா?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஆளிடமிருந்து ஆளுக்கு இது பரவுவது மிக மிக அபூர்வம். தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம். இந்தக் கிருமி தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளர்கிறது. ஷவர், ஃபவுண்டன், கூலிங் டவர் (ஆலைகளிலும் பெரிய கட்டிடங்களிலும் நீரைத் தூவிச் சூட்டைத் தணிக்கும் கோபுரம்) போன்றவை அந்த நீரைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கும்போது மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் கொத்துக் கொத்தாக நோயுற்ற பிறகுதான் இப்படி ஒரு கிருமி இருப்பதே தெரியவந்தது. 50 வயதைக் கடந்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை, சிறுநீரக, நுரையீரல் நோயாளிகளை இது அதிகம் தாக்கும். அப்பா குணமானதும் பீடியை விடவைப்பது உங்கள் பொறுப்பு.

சாதாரண நிமோனியாவுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் வகை மருந்து இதற்குக் கேட்காது. கிருமிகளை விழுங்க வரும் நுரையீரல் செல்லுக்குள்ளேயே இது ஒளிந்து பெருகுகிறது. அந்த மருந்துகள் அங்கே போதுமான அளவு எட்டுவதில்லை. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் எட்டும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு, பிதற்றல், ரத்தத்தில் சோடியம் குறைவு இருந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை இதன் ஒரு முக்கிய வகையை மட்டுமே பிடிக்கும். அதில் 'நெகட்டிவ்' வந்தாலும் சந்தேகம் இருந்தால் சளியையும் சோதிக்கச் சொல்லுங்கள். நோய் வருவதற்கு முந்தைய 14 நாட்களில் எங்கே தங்கினார், எங்கே ஷவரில் குளித்தார் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். சிகிச்சை சரியான திசையில் போக அது பெரிய உதவி.

கேள்வி: மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் தானாகவே சுடுகிறது. கரண்ட் மிச்சமாகட்டும் என்று கீசரை 45 டிகிரியில் வைத்திருக்கிறோம். ஆபத்தா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: 25 முதல் 45 டிகிரி வரை இந்தக் கிருமிக்கு வசதியான சூடு. 20-க்குக் கீழே வளராது; ஆனால் நம் ஊர்த் தொட்டி அந்தக் குளிர்ச்சியை எட்டுவதே இல்லை. அதனால் சுத்தமும் குளோரினும்தான் கைகொடுக்கும்.

தொட்டியைக் காலிசெய்து, உள்சுவரில் படிந்த வழுவழுப்பை பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கிருமி குடியிருப்பது அதில்தான். அதை விட்டுவிட்டு மருந்து மட்டும் போட்டால் சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். பிறகு தொட்டியை நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். பழைய பவுடரில் வீரியம் இருக்காது. வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். குளோரின் வாசனை வரும்வரை எல்லாக் குழாய்களையும் திறந்து மூடி, 1 மணி நேரம் விட்டு, முழுவதும் வடித்துவிடுங்கள். அந்த நீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பவுடரோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும்.

கீசரை 60-க்கு ஏற்றுங்கள், ஆனால் அந்தச் சூடு தோலைப் புண்ணாக்கிவிடும். வாளியில் தண்ணீர் கலந்த பிறகே குழந்தைகளை அருகில் விடுங்கள். வாளி, சொம்புக் குளியலில் ஷவர் அளவுக்குச் சாரல் எழாது. முதியவர்களுக்கு அதுவே நல்லது. போர் தண்ணீரால் ஷவர் தலையில் உப்பு படிந்திருந்தால் கழற்றி, இரவெல்லாம் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், ஷவரைத் தொடாமல் கீழ்க் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள்.

கேள்வி: வீட்டு ஸ்ப்லிட் ஏசியிலிருந்து வருமா? நான் கூலிங் டவர் பக்கம் வேலை பார்க்கிறேன்.
— வாசகர், மணலி

பதில்: வீட்டு ஏசி நீரைத் தூவிக் குளிர்விப்பதில்லை, அதனால் கவலை வேண்டாம். டவருக்கு மேலே தெரியும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவிதான். அதோடு அடித்துப்போகும் நுண்துளிதான் பிரச்சினை. வடக்கு பிரான்சில் 2003-04-இல் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் டவரிலிருந்து 86 பேருக்குப் பரவி, 18 பேர் இறந்தார்கள், 6 கி.மீ. தொலைவு வரை எட்டியது. டவரை உயரழுத்த நீரால் கழுவியதும் பரவலுக்குக் காரணமாயிற்று. ஆகவே கழுவும் முன் விசிறியை நிறுத்த வேண்டும், நீரில் கிருமிநாசினி போட வேண்டும், இறங்குபவர்கள் என்95 மாஸ்க் அணிய வேண்டும். துளியைத் தடுக்கும் தகடுகள் உடைந்திருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நெபுலைசர் வைக்கிறோம். குழாய்த் தண்ணீரில் கழுவலாமா?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: குழாய் நீரோடு நிறுத்திவிடாதீர்கள். கப்பையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, கடைசியாகக் கொதித்து ஆறிய நீரில் அலசி, ஈரமில்லாமல் காயவிடுங்கள். மருந்தோடு கலக்க, டாக்டர் சொன்ன ஸ்டெரைல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) மட்டுமே. பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதில் இந்தக் கிருமியின் பயமில்லை, கொதியில் அது செத்துவிடும். கை தட்டிப் பாத்திரம் கவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.