7 சதவீத வட்டி தரும் ஆன்லைன் கணக்கில் அவசரப் பணத்தைப் போடலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. எந்த ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்குமோ என்று 6 லட்சம் ரூபாயை சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருக்கிறார், வட்டி 2.5 சதவீதம். ஒரு ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி, போனிலேயே கணக்கு திறக்கலாம், 7 சதவீதம் வரை வட்டி என்று விளம்பரம் செய்கிறதாம். மாற்றலாமா, பணம் பத்திரமாக இருக்குமா, கணக்கை அம்மா பெயரில் திறப்பதா தன் பெயரில் திறப்பதா என்று கேட்கிறார்.

மாற்றலாம், ஆனால் முழுப் பணத்தையும் மாற்ற வேண்டாம். அதோடு, வட்டியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வைத்திருப்பது அவசரத்துக்கான பணம், அது வேண்டிய நேரத்தில் எப்படி வெளியே வரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வட்டிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். விளம்பரத்தில் உள்ள 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த வங்கிகளில் பெரும்பாலும் இருப்புக்கு ஏற்ப வட்டி படிப்படியாக மாறும். உதாரணத்துக்கு முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 5, அதையும் தாண்டிய தொகைக்கு மட்டும் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 6 லட்சத்துக்கு ஒரு வருஷத்தில் 3,000, 20,000, 7,000 சேர்த்து 30,000 ரூபாய் வரும். அதாவது கைக்கு வருவது 5 சதவீதம்தான். இப்போது கிடைப்பது 15,000. வித்தியாசம் மாதம் 1,250 ரூபாய். வேண்டாம் என்று ஒதுக்குகிற தொகை இல்லை, சரிதான், ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொரு வங்கியின் படிகளும் வேறு, அடிக்கடி மாறவும் செய்யும், அதனால் வங்கியின் சொந்த இணையதளத்தில் வட்டி அட்டவணையைப் பார்த்து உங்கள் தொகைக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வட்டி உங்கள் வருமானத்தில் சேரும். பழைய வரி முறையில் இருந்தால் சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம், புதிய முறையில் அந்தச் சலுகை கிடையாது.

அடுத்து, பத்திரம். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி என்றால் அதுவும் வங்கிதான், அதற்கும் வைப்புக் காப்பீடு உண்டு. வங்கி முடங்கினால் ஒரு நபருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டிஐசிஜிசி என்ற ரிசர்வ் வங்கியின் வைப்புக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். 2020 பிப்ரவரி வரை இது வெறும் 1 லட்சமாக இருந்தது. கொடுக்க 90 நாள் அவகாசம் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். பணம் திரும்பி வரும், ஆனால் மறுநாளே வந்துவிடாது. கரூர் லட்சுமி விலாஸ் வங்கியை நம் பக்கத்தில் மறந்திருக்க மாட்டார்கள். 2020 நவம்பர் 17ஆம் தேதி கட்டுப்பாடு விதித்தார்கள், கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 25,000 ரூபாய்தான் எடுக்க முடியும், மருத்துவம் போன்ற அவசரச் செலவுக்கு அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்துவிட்டார்கள், டெபாசிட் போட்டவர்களுக்கு நஷ்டமில்லை. ஆனாலும் அந்தப் பத்து நாளுக்குள் ஆபரேஷன் வைத்திருந்த குடும்பம் அந்த அனுமதிக்காக என்ன பாடுபட்டிருக்கும்?

அதனால்தான் பிரித்து வையுங்கள் என்கிறேன். 2 லட்சம் இப்போதுள்ள பெரிய வங்கியிலேயே இருக்கட்டும். 4 லட்சத்தை மாற்றுங்கள், வட்டி ஏறினாலும் 5 லட்சத்துக்குள்ளேயே நிற்கும். மேலே சொன்ன படிப்படிக் கணக்கில் இப்படி வைத்தால் வருஷத்துக்கு 23,000 வரும். 7,000 குறைகிறது, ஆனால் ஒரு கதவு பூட்டிக்கொண்டால் இன்னொன்று திறந்திருக்கும்.

இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் மாமனாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அட்மிட் செய்தோம். கவுன்டரில் 80,000 முன்பணம் கேட்டார்கள். என் பணம் முழுவதும் ஓர் ஆன்லைன் கணக்கில் இருந்தது, அதற்கு முந்தின நாள்தான் பழைய போன் தண்ணீரில் விழுந்து புதுப் போன் வாங்கியிருந்தேன். ஆப்பில் நுழைந்தால், புதுக் கருவி, பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பெரிய தொகை அனுப்ப முடியாது என்று வந்தது. அந்த வங்கி எனக்குத் தந்திருந்தது ஆப்புக்குள் தெரியும் மெய்நிகர் டெபிட் கார்டு மட்டும், ஏடிஎம்மில் செருக ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் கிளையும் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார், ஆனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் மைத்துனர் தன் கார்டைத் தேய்த்தார். அந்தக் கட்டுப்பாடு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், போன் திருடுபோனால் அதுதான் நம்மைக் காப்பாற்றும். ஆனால் அது இருப்பதே எனக்கு அந்தக் கவுன்டரில்தான் தெரிந்தது.

ஆகவே கணக்கு திறந்ததும் கையில் பிடிக்கிற கார்டைக் கேட்டு வாங்குங்கள், கட்டணம் இருந்தாலும் பரவாயில்லை. முதலில் 5,000 ரூபாய் மட்டும் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதை உங்கள் பழைய கணக்குக்கு அனுப்பிப் பாருங்கள், ஏடிஎம்மிலும் எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு ஒருமுறை போன் செய்து, தமிழில் பேச ஆள் கிடைக்கிறாரா, ஒரு நாளில் எவ்வளவு அனுப்பலாம், போன் மாற்றினால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் அந்த வங்கியை விட்டுவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று. ஆதார் ஓடிபி மட்டும் போட்டு நொடியில் திறக்கும் கணக்கு அரைகுறைக் கணக்கு. அதில் 1 லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்க முடியாது, ஒரு நிதியாண்டில் மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் வரவும் வைக்க முடியாது, ஒரு வருஷத்துக்குள் முழு கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, முடிக்காவிட்டால் கணக்கையே மூட வேண்டும் என்பது விதி. வீடியோ கேஒய்சியோ கிளையில் நேரடி சரிபார்ப்போ முடிந்தது என்று உறுதி வரும்வரை பெரிய தொகையை அனுப்பாதீர்கள்.

வங்கி உண்மையானதா என்று பார்க்க, அதன் இணையதள முகவரி பேங்க் டாட் இன் என்று முடிகிறதா என்று கவனியுங்கள். வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் அந்த முகவரிக்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. டிஐசிஜிசி தளத்தில் காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியல் இருக்கிறது, அதில் பெயரைத் தேடுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், 10 சதவீதம்' என்று சொல்லும் ஆப்கள் வேறு ரகம். நம் பணத்தை வாங்கி வேறு தனிநபர்களுக்குக் கடனாகக் கொடுக்கும் தளங்கள் சில இப்படித்தான் விற்றன, 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதைத் தடுத்தது. அவற்றுக்கும், ஊர் நிதி கம்பெனிகளுக்கும் வைப்புக் காப்பீடு கிடையாது.

அம்மா பெயரிலா என்றால், பணம் அம்மாவுடையதாக இருந்தால் அப்படிச் செய்யலாம், அவருக்குத் தனியாக 5 லட்சம் காப்பீடு கிடைக்கும். ஆனால் உங்கள் சம்பளத்தில் சேர்த்தது என்றால் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அவர் படுத்திருக்கும் நேரத்தில் அவருடைய போனும் பின் நம்பரும் தேடி அலைய வேண்டாம். நாமினியாக அம்மாவைப் போடுங்கள், 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை போடலாம். அம்மா பெயரில்தான் திறப்பீர்கள் என்றால் வீடியோ கேஒய்சி நேரத்தில் அவரை வெளிச்சமான இடத்தில் உட்கார வைத்து, பான் கார்டையும் ஒரு வெள்ளைத் தாளையும் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பக்கத்தில் நின்று பதில் எடுத்துக்கொடுப்பது தெரிந்தால் விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்கள்.